நீலனோட மொத வார்த்தை

ஒரு வீட்டுல ஒரு எவர்சில்வர் ஸ்பூன் இருந்துச்சு. நீலனுக்குச் சோறு ஊட்டுறதுதான் அதோட வேலை. பையனுக்கு மூணு வயசாகப் போவுது, இன்னும் ஒரு வார்த்தை பேசுனதா யாரும் கேட்டதில்ல. எதிர்ல ஃபோன் தண்ணி டம்ளர்மேல சாஞ்சுக்கிட்டு, "ஹலோ குட்டீஸ்ஸ்ஸ்! யானை வருது பாருங்க, டொய்ங் டொய்ங்!"னு கத்தும். நீலன் கண்ணு சிமிட்டாம வாயப் பொளப்பான். அவன் அம்மா அபிராமி சோத்தத் தள்ளுவா.

உள்ள போறப்பல்லாம் ஸ்பூன் அவன் நாக்கைக் கிண்டல் பண்ணும். "என்னங்க தொரை, இன்னிக்கும் படுக்கைதானா? ஒரு 'அம்மா' சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"போடா எவர்சில்வரு," நாக்கு சொல்லுச்சு. "அன்னிக்கு 'ம்மா'ன்னு ஆரம்பிச்சேன். யானை போட்ட சத்தத்துல அவளுக்குக் கேக்கல. வாயத் தொறந்துட்டான்னு சோத்தக் கொண்டாந்து அடைச்சது யாரு? நீதான்."

ஸ்பூன் சட்டுன்னு வெளிய வந்து, கிண்ணத்துச் சோத்துக்குள்ள தலைய மறைச்சுக்கிச்சு.

மறுநாள் பாதிச் சோத்துல சார்ஜ் தீந்து ஃபோன் பொசுக்குன்னு அணைஞ்சுது. வீடே கம்முனு ஆச்சு. "இப்பச் சொல்லுய்யா, சொல்லு!"ன்னு ஸ்பூன் கிண்ணத்துல கெடந்து துடிச்சுது. நாக்கு மெதுவா எந்திரிச்சுது.

"அம்மா."

அபிராமி கிண்ணத்தக் கீழ போட்டுட்டா. "ஏங்க, பேசிட்டான்! என் தங்கம், இன்னொரு தடவ சொல்லு!"ன்னு அவன் மூஞ்சிகிட்டக் குனிஞ்சா.

நீலன் அவ மூஞ்சிய ஒதுக்கித் தள்ளுனான். கறுத்துப்போன ஃபோனை ரெண்டு கையாலயும் தடவித் தடவி அழுதான்.

"அம்மா... அம்மா..."

சிந்துன சோத்துல ஸ்பூன் குப்புறக் கெடந்துச்சு. அபிராமி எந்திரிச்சு சார்ஜரைத் தேடப் போனா.