ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

"ரெண்டுலேந்து ஏழு போவுமா கவியா?"

"போவாது டீச்சர். அதனால திருப்பிக்கணும். ஏழுலேந்து ரெண்டு போனா அஞ்சு."

சுகன்யா டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்று மூன்று வாரமாகச் சாதிக்கிறாள் இந்தப் பெண்.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர். படிக்கும் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று தனித்தனி வட்டமாக உட்காருவார்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தால் மலர். ஒன்பது பேர் மலருக்குப் போயாயிற்று. மொட்டில் மிச்சம் கவியாவும் ராசாத்தியும்தான். இன்று கடைசித் தேர்வு. சாயங்காலத்துக்குள் யார் யார் மலர் என்று பட்டியல் கொடுக்க வேண்டும்.

டீச்சர் ஈர்க்குச்சிகளை எடுத்து வைத்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு, தனியாக இரண்டு குச்சி.

"உங்கம்மா நடவுக்குப் போறாங்கல்ல? கையில இருக்குற நாத்து தீந்துட்டா என்ன பண்ணுவாங்க?"

"பக்கத்துல கெடக்குற கட்ட அவுப்பாங்க."

"அதேதான்டி தங்கம்! இங்கயும் ஒரு கட்ட அவுரு."

கவியா அவிழ்த்தாள். பன்னிரண்டு குச்சியில் ஏழை எடுத்துத் தள்ளி வைத்தாள். மிச்சத்தை எண்ணினாள். தலையாட்டிக்கொண்டாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

பத்துக் கணக்கு எழுதிப் போட்டார். ராசாத்தி வராந்தாவில், கவியா உள்ளே. கால் மணி நேரத்தில் கவியா நோட்டை நீட்டினாள். முதல் கணக்கு அதே ஐம்பத்திரண்டில் இருபத்தேழு; விடையும் அதே முப்பத்தைந்து. பத்தும் தப்பு.

டீச்சருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஜன்னலோரம் போய் நின்று நோட்டை மறுபடி பார்த்தார். வெயில் சாய்வாக விழுந்ததில் தாளில் ஏதோ தெரிந்தது. முப்பத்தைந்துக்கு அடியில், ரப்பரால் அழித்த தடத்தில், இருபத்தைந்து. அடுத்த கணக்கிலும் அப்படியே. பத்திலும்.

"கவியா, இது என்ன?"

கவியா ரப்பரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "அவகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன். சொல்லு."

"மொதல்ல நெசமாவே வரல டீச்சர். அப்புறம் வந்துடுச்சு. ராசாத்திக்குத்தான் வரவே இல்ல. நான் மட்டும் மலருக்குப் போயிட்டா அவ ஒத்தையா உக்காந்து அழுவா."

"அதுக்காக இத்தன நாளா தப்புத் தப்பாப் போட்டியா?"

"தப்பாப் போடறதுதான் டீச்சர் கஷ்டம். மொதல்ல சரியாப் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் மாத்தணும். இல்லன்னா தெரியாம சரியா வந்துடும்."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி. ராசாத்திக்கு வர்ற வரைக்கும் உம் பேரையும் எழுதல. போயி அவள வரச் சொல்லு."

ராசாத்தி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், கவியாவத் திட்டினீங்களா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு."

"இல்லடி."

"திட்டாதீங்க டீச்சர். அவளுக்கு வரலன்னா என்ன, எனக்குந்தான் வரல. நாங்க ரெண்டு பேரும் மொட்டுலயே இருந்துக்கறோம்."

டீச்சர் நோட்டை வாங்கினார். பத்துக்குப் பத்தும் தப்பு. சிவப்புப் பேனாவைத் திறந்தவர், என்னவோ தோன்றி, மறுபடி ஜன்னலோரம் போனார். தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

முப்பத்தைந்துக்கு அடியில், அழித்த தடத்தில், குண்டு குண்டாக இருபத்தைந்து தெரிந்தது.