கும்பிடு போட்டி

"மூக்கு இறுக்கமா இருக்கு தீடா. மூச்சு விட முடியல," என்றார் டாக்டர் விபோல்.

"வாயால விடுங்க டாக்டர். நாங்க அஞ்சு பேரும் அப்படித்தான் உயிரோட இருக்கோம்."

கம்போடியாவில், பட்டம்பாங் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி அது. மருந்து அறையில் டாக்டருக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்தாள் தீடா. கனடாவிலிருந்து தொண்டு செய்ய வந்திருந்த கோமாளிகளுக்கு அவள்தான் தலைவி. அப்பா, அம்மா இந்த ஊரிலிருந்து போனவர்கள் என்பதால் கெமர் மொழி நன்றாகவே பேசுவாள். டாக்டரை எதிர்த்தும் பேசுவாள்.

விபோல் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. எப்போதும் உர்ரென்ற முகம். அவர் சிவப்பு மூக்கு மாட்டி, கட்டம் போட்ட கிராமாத் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தது கன்னிதாவுக்காக மட்டும்தான்.

கன்னிதாவுக்கு ஏழு வயது. கொதிக்கிற கஞ்சி கொட்டி அக்குள் வெந்துபோயிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் வலிக்குமே என்ற பயத்தில் வலது கையை நெஞ்சுக்கு மேல் தூக்கவே மாட்டேன் என்கிறாள்.

"நாளைக்குக் காலைல வண்டி வருது. இன்னிக்குத் தூக்கலன்னா நோம்பென் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். தோல் இறுகி ஒட்டிக்கிச்சுன்னு அறுப்பாங்க, பாவம்," என்றார் டாக்டர். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள்ள போயிடுறா."

"அதான் கோமாளியாப் போறீங்க. உங்களுக்கு ஒரே வேலை. கும்பிடணும், அவ்வளவுதான்."

வார்டில் மற்ற கோமாளிகள் உருண்டு புரண்டுகொண்டிருந்தார்கள். விபோல் விறைப்பாக நடந்து கன்னிதாவின் கட்டிலருகே நின்றார். நெஞ்சுக்கு நேரே கை குவித்தார்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கும் முன்பே கும்பிடப் பழகுபவர்கள். கூட்டாளிக்கு நெஞ்சு வரை, பெரியவர்களுக்கு வாய் வரை, ஆசிரியருக்கு மூக்கு வரை, பிக்குவுக்குப் புருவம் வரை. இரண்டு கையும் சேர வேண்டும். பதிலுக்குக் கும்பிடாவிட்டால் மரியாதை இல்லை.

கன்னிதா நெஞ்சுக்கு நேரே கும்பிட்டாள்.

"வணக்கம் பெரியம்மா," என்று விபோல் கையை வாய்க்கு உயர்த்தினார்.

"நான் ஒண்ணும் பெரியம்மா இல்ல. நீங்கதான் பெரியப்பா." அவள் கையும் வாய்க்குப் போனது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்." மூக்கு.

"நீங்கதான் வாத்தியார்." அவளும் மூக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி." புருவம்.

ஜடை போட்ட குட்டிப் பிக்குவைப் பார்த்து வார்டே சிரித்தது. கன்னிதா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைப் புருவம் வரை ஏற்றினாள். "நீங்கதான் சாமி."

விபோல் விடவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "மகாராணி."

கன்னிதாவின் கைகள் மெல்ல மெல்ல நெற்றியைத் தாண்டி, உச்சந்தலையைத் தாண்டி, மேலே போய்ச் சேர்ந்தன.

"போதும் மகாராஜா. உங்க முண்டாசு அவிழுது," என்றாள் கன்னிதா.

அவிழ்ந்த துண்டு முகத்தில் விழ, விபோல் சிரித்தார். பழைய மோட்டார் சைக்கிள் கிளம்புவது போல விட்டு விட்டு ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. மூக்கு கழன்று பக்கத்துக் கட்டில் கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது. நர்சுகள் வாயைப் பிளந்தார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூக்கு விழுந்ததும் நான்தான்னு கண்டுபிடிச்சிருப்பாளோ? சரி, பரவாயில்ல. நாளைக்கு வண்டி வேண்டாம். உன் யோசனை பலிச்சிடுச்சு தீடா."

"யோசனை என்னுது இல்ல டாக்டர். வந்த அன்னிக்கே வார்டுல கேட்டோம், இங்க முதல்ல யாரைச் சிரிக்க வைக்கணும்னு. எல்லாப் பிள்ளைங்களும் உங்க அறையைத்தான் காட்டினாங்க."

விபோல் திரும்பி வார்டைப் பார்த்தார்.

"'அவருக்கு மூக்கு மாட்டிக் கூட்டிட்டு வாங்க, கும்பிடு போட்டி வைக்கலாம், கை வலிச்சாலும் பரவாயில்ல, நான் சிரிக்க வைக்கிறேன்'னு சொன்னது கன்னிதா."