பத்து நாள் பாட்டு

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவி பாட்டு முணுமுணுப்பது உள்ளே கேட்டது. பி.டி. மாஸ்டர் அவசரமாக ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினார்.

'ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சதிலிருந்து அவ ஆளே மாறிட்டா. தானா சிரிக்கிறா. பாத்திரம் தேய்க்கும்போதுகூடப் பாடுறா. இருபது வருஷத்தில் இப்படிப் பார்த்ததே இல்லை. இது மருந்தோட கோளாறா?'

டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த மருந்து சில பேருக்கு மனசை மாத்தும்தான். ஆனா தொண்டைப் புண்ணுன்னு வந்து, மாத்திரை சாப்பிட்டது நீங்கதானே மாஸ்டர்!"

மாஸ்டர் சீட்டைத் திரும்ப வாங்கிப் படித்தார்.

"எங்க, வாயைத் திறங்க. ம், ஆறிடுச்சு. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னேன், அப்படியே இருந்துட்டீங்க. இனிமே பழையபடி சத்தம் போட்டே பேசலாம்."

வெளியே பாட்டு சட்டென்று நின்றது.