தீ இல்லாத அடுப்பு

தீபாவளி சீசன் வேலை முடிந்து பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கிய பேச்சியம்மாள், அடுப்படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பட்டாசு மருந்து படிந்த சேலையோடு அடுப்பை நெருங்கக் கூடாது. குளிக்கலாமென்றால் எழுந்திருக்கத் தெம்பில்லை. உள்ளே, கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மகள் யோகேஸ்வரி, தான் வாங்கிவந்த ஓவனில் முழுக்கோழியைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவந்த வெளிச்சம். கோழியின் கொழுப்பு உருகி, சுற்றிலும் அடுக்கிய உருளைக்கிழங்கிலும் கேரட்டிலும் சொட்டிச் சடசடக்கிறது. ஒவ்வொரு சடசடப்புக்கும் பேச்சியம்மாளின் தோள் லேசாகத் தூக்கிப்போட்டு அடங்குகிறது. “யம்மா, கிட்ட வந்து பாரேன். இதுல தீயே இல்ல.” “இருக்கட்டும் தாயி, இங்கன இருந்தே வாசம் வருது.” “அப்பா வந்ததும் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். எந்திரிம்மா.” சிரித்துக்கொண்டே வந்து யோகேஸ்வரி கையை நீட்டுகிறாள். ஓவன் வெளிச்சம் வாசல் தாண்டி வந்து விழ, பட்டாசு மருந்தின் அலுமினியத் தூள் அப்பிய பேச்சியம்மாளின் விரல்கள் வெள்ளியாய் மினுங்குகின்றன. அவள் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். “தொடாத தாயி. நீ திரும்ப அடுப்புக்கிட்டப் போகணும்.”