சர்க்கரை மாத்திரை

எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத பெயர் எனக்கு: ஞானாபரணம். நான் பிறக்கும் முன்பு, காய்ச்சலில் கிடந்த, இடது கையில் ஆறு விரலோடு பிறந்த அக்காவுக்குத் தினமும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்த டாக்டரின் பெயர் அது. “அவ போனப்ப அவரும் அழுதாரு” என்பாள் அம்மா.

என் மருத்துவ ஆய்வுக்காக அந்த டாக்டருடைய பழைய கட்டுரையைப் படித்தேன். புது மருந்து காப்பாற்றுகிறது என்று முதல் வாரமே தெரிந்தும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை வெறும் சர்க்கரை மாத்திரையே கொடுத்திருக்கிறார். அந்தப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. வயது ஐந்து. அடையாளம்: இடது கையில் ஆறு விரல்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா மாத்திரை முழுங்க அடம் பிடிப்பாளாம்மா?”

“எங்க? இனிக்குன்னு கேட்டு வாங்கித் திம்பா. எதுக்குக் கேக்க, ஞானாபரணம்?”

அம்மா அந்தப் பெயரைச் சொல்லி மறுபடியும் கூப்பிட்டாள்.