காயம் படாத வீடு

தெரு முழுக்கப் புது வீடுகள். குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய இடத்தில் சனம் திரும்பி வந்து கட்டியவை. நேசரத்தினத்தாரின் வீடு மட்டும் பழையது. ஓர் ஓடுகூட நகராமல், சுண்ணாம்புச் சுவர் கீறல் படாமல் நின்றது. ஏன் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தனக்கும் தெரியாது என்றாவது சொல்லியிருப்பார். புதுவீடு குடிபூரலுக்குக் கூப்பிட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு மட்டும் மழைக்கும் விலைவாசிக்கும் திரும்பிவிடும்.

கடைசியில் ஒருநாள், முன்வீட்டு மேல்மாடிக்குக் கொங்கிரீட் மெசின் இரையத் தொடங்கியதும், கதவைச் சாத்தினார். தெருவில் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நின்றே தெருப்பக்கச் சுவரை உளியால் அடித்து, துப்பாக்கிச் சன்னம் பட்டதுபோல அங்கங்கே துளைத்தார்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பவளராணி முதன்முறையாக அவருடைய படலையைத் திறந்துகொண்டு வந்தாள். மகனை இந்தத் தெருவிலேயே சூட்டுக்குப் பறிகொடுத்தவள்.

"இஞ்சையும் சுட்டவங்களோ அண்ணை?"

"ஓம் பிள்ளை. சாந்து பூசி மறைச்சிருந்தனான், இப்பத்தான் விழுந்தது."

அவள் ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டாள். வெளிப்பக்கம் வாயகன்று தெறித்திருந்த விளிம்பைச் சுற்றித் தடவினாள். சன்னம் புகுந்த பக்கம் சிறுத்திருக்கும், வெளியேறிய பக்கம் விரிந்திருக்கும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"ஓம், சுட்டுத்தான் இருக்கினம்," என்றாள், விரலை எடுக்காமலே. "உங்கட வீட்டுக்குள்ள இருந்து. ஆரண்ணை நிண்டது?"