மதுரத்தம்மாளின் இருமல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு இருமலின் கதை சொல்கிறேன்.

மிராசுதார் வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர். எதிரே வைக்கோல் போர் கரிந்து கிடந்தது. முந்தாநாள் எரிந்தது, புகைநாற்றம் இன்னும் போகவில்லை.

மாட்டுக்கொட்டில் ஓரமாகக் காத்தாயி நின்றாள். அவள் புருஷன் வீரையன் ஸ்டேஷனில் அடைபட்டுக் கிடந்தான். போருக்குத் தீ வைத்தவன் அவன்தான் என்று மிராசுதார் ஸ்ரீநிவாசன் எழுதிக் கொடுத்திருந்தார்.

தீப்பிடித்த நேரத்தில் மிராசுதார் ஊரிலேயே இல்லை. பார்த்தவள் ஒருத்திதான், அவர் மனைவி மதுரம். அவள் ஆமாம் என்றால் வீரையனுக்கு ஜெயில். இல்லை என்றால் சாயங்காலமே வீடு.

என்ன சொல்ல வேண்டும் என்று மதுரத்துக்குக் காலையிலேயே பாடம் நடந்துவிட்டது. மாடுகளுக்குப் பின்னால் நின்றபடி காத்தாயி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூலி உயர்வு கேட்டு, அறுப்புக்கு உள்ளூர் ஆட்கள் யாரும் வயலில் இறங்காத தை மாதம் அது. சென்னையில் புது ஆட்சி. கூலிக்குச் சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மிராசுதார் வீட்டு வேலைக்கு யாரும் போகக் கூடாது என்று கூலியாட்கள் சங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. வாயில்லாத ஜீவன் என்ன பாவம் செய்தது என்று, மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட மட்டும் வீரையனையும் காத்தாயியையும் விட்டிருந்தார்கள்.

அந்த வருஷப் பனியில் ஊர் முழுக்க நெஞ்சுச்சளி. சேரி, அக்கிரகாரம் என்று அது தெரு பார்க்கவில்லை. மதுரத்தையும் பிடித்து உலுக்கியது. வந்து பார்த்த டாக்டர் ஊசி போட மறுத்துவிட்டார். மூச்சு முட்டவில்லை, சளியில் ரத்தம் இல்லை, சூடாகக் குடித்துவிட்டுத் தலையணையை உயர்த்திப் படுத்தால் போதும், இருமல் முழுக்கப் போக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே கூப்பிடச் சொன்னார்.

காத்தாயி ஆடாதோடை இலையும் ஒரு குப்பியில் தேனும் கொண்டுவந்து கொட்டில் சுவர்மேல் வைப்பாள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்தபின் மதுரம் வந்து எடுத்துக்கொள்வாள். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை.

“சொல்லுங்கம்மா, யாரைப் பார்த்தீங்க?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மதுரம் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

அடங்கட்டும் என்று பார்த்திருந்து மறுபடி கேட்டார். மறுபடி இருமல். மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஸ்ரீநிவாசனுக்குப் பொறுமை போயிற்று.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்பறம் இருமிக்கோயேன்.”

தானே சொல்லிவிடட்டுமா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். பார்த்தவர் வாயால் வந்தால்தான் எழுத முடியும் என்று அவர் கையை விரித்தார்.

மதுரம் பக்கத்திலிருந்த வெந்நீர்த் தம்ளரை உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். உதட்டில் பட்டால் எச்சில் என்று பிறந்ததிலிருந்து பழகிய குடி. இருமுகிறவர்கள் அப்படிக் குடிக்கலாமா? புரையேறிக் கண் பிதுங்கியது. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

ஸ்ரீநிவாசன் முகம் வெளுத்துவிட்டது. இருந்த கோபமெல்லாம் எங்கோ போயிற்று. டாக்டரைக் கூட்டிவர வேண்டும். அனுப்புவதற்கு ஓர் ஆள் இல்லை, ஊரே வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. சட்டைகூட மாட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரே ஓடினார்.

காத்தாயி தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றுவிட்டால், காலையில் சொல்லிக் கொடுத்ததுதானே அந்த அம்மாள் வாயில் வரும்? அதற்குள் இந்தப் பாழாய்ப்போன இருமல் நிற்க வேண்டுமே.

கொட்டிலைத் தாண்டி வீட்டுப் பக்கம் வந்தாள். அவள் குடும்பத்தில் அதுவரை யாரும் தாண்டாத இடம். மதுரத்தின் முதுகில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக நீவினாள். மதுரம் விலகவில்லை.

“அண்ணாந்துக்காதீங்கம்மா. நிமிந்து உக்காந்து வாய் வச்சே குடிங்க.”

மதுரம் வாய் வைத்துக் குடித்தாள். இருமல் நின்றது.

“எழுதிக்கோங்கோ,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “ஈரம் காயாம போட்ட போர். உள்ளுக்குள்ளயே வெந்து புகைஞ்சுண்டிருந்தது. வீரையன் கிணத்தடியிலே தொட்டி கழுவிண்டிருந்தான். நெருப்பைப் பார்த்துட்டு முதல்ல வாளியோட ஓடினவன் அவன்தான்.”

வெளியூர் ஆட்களை இறக்கி அவசரமாக அறுத்து, பனி ஈரம் போகாமல் அடுக்கிய வைக்கோல் அது. அடுக்கச் சொன்னவர் மிராசுதார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வந்து புருஷனைக் கூட்டிக்கொண்டு போ என்று காத்தாயியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

காத்தாயி கையை எடுக்கவில்லை.

அந்தப் பனிக்காலம் முழுக்கப் புருஷன் முதுகையும் மாமியார் முதுகையும் நீவி நீவிப் பழகிய கை. நெஞ்சில் சளி இருந்தால் உள்ளங்கையில் கரகரவென்று தட்டும். இந்த முதுகில் வைத்த கணமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. உள்ளே ஒன்றுமே இல்லை. வந்த சளி கரைந்து நாளாகியிருந்தது.

நீவ வேண்டிய தேவையில்லாத முதுகை அவள் நீவிக்கொண்டே இருந்தாள். போதும் என்று மதுரமும் சொல்லவில்லை.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

காத்தாயி கொட்டில் பக்கம் நகர்ந்துகொண்டாள். மதுரம் தலைப்பால் வாயைப் பொத்தி, மெல்ல இருமத் தொடங்கினாள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு இருமல் தேவைப்படவே வேண்டாம், கண்ணுகளா. நெஞ்சு தெளிந்து, நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு நல்லபடியாக இருங்கள்.